5,000 நெல் மூட்டையைச் சோதிக்க 22 போதுமா? மகாலனோபிஸ் காட்டிய வழி

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம் பக்கம் அறுவடை முடிந்ததும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகளாக நெல் குவியும். விவசாயிக்குப் பணம் போய்விட்டால் அந்த நெல் அரசாங்கத்தின் சொத்து. ஆனால் அரசே எல்லாவற்றையும் அரைப்பதில்லை. நுகர்பொருள் வாணிபக் கழகம் தனியார் ரைஸ் மில்களை அரவை முகவர்களாக வைத்து நெல்லை அவர்களிடம் கொடுக்கிறது. 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ திரும்பி வர வேண்டும். ரேஷன் கடைக்குப் போவது அந்த அரிசிதான்.

நெல் அரசுடையது, குடோன் சாவி மில்காரர் கையில். எவ்வளவு வந்தது, எவ்வளவு அரைத்தாச்சு, எவ்வளவு மீதி என்று பதிவேட்டில் எழுதுவதும் மில் ஆட்கள்தான். அதாவது, ஒப்பந்ததாரரே தன்னைப் பற்றித் தானே எழுதித் தரும் கணக்கு.

அதை எப்படி நம்புவது? ஒரு அட்டியில் 5,000 மூட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 டன் நெல். ஒவ்வொன்றையும் இறக்கி, எடை போட்டு, திரும்ப அடுக்க நாள்கணக்கில் ஆகும், கூலியும் எகிறும். சோதிக்க வருபவர் முன்வரிசையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், உள்ளே வெறும் கூடாக இருந்தாலும் தெரியாது. எல்லாவற்றையும் எண்ண முடியாது, எண்ணாமல் நம்பவும் முடியாது.

இந்தச் சிக்கலுக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் பதிலைத் தேடி முப்பது வருடத்துக்கும் மேல் உழைத்தவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். அதைவிட முக்கியமான வேலையை அவர் வங்காளத்துச் சணல் வயல்களில் செய்தார்.

ராமானுஜனுக்குக் கம்பளி காட்டியவர்

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் சேருவதுதான் திட்டம். கேம்பிரிட்ஜைச் சும்மா பார்க்கப் போனவர் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவரிடம் தங்க, அவர் சொன்னதைக் கேட்டு அங்கேயே கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வருடம் கும்பகோணத்துக்காரர் ஒருவர் அதே ஊருக்கு வந்தார். ராமானுஜன்தான். இருவரும் நெருங்கிப் பழகினார்கள். குளிரில் ராமானுஜன் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்குகிறார் என்று தெரிந்ததும் மகாலனோபிஸ் அவர் அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஆனால் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று நம்மூர் மேதைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைச் செய்து காட்டியவர் மகாலனோபிஸ். பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிர் ஒன்றை அவர் படித்துக் காட்ட, ராமானுஜன் அடுப்படியில் காய்கறி வதக்கிக்கொண்டே பொதுவான விடையாகத் தொடர்பின்னம் சொன்ன கதையும் இவர் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

1915-ல் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நேரம். போர் காரணமாகக் கப்பல் தாமதமானது. கல்லூரி நூலகத்தில் பொழுதைக் கழித்தவரிடம் ஆசிரியர் மெக்காலே, பயோமெட்ரிக்கா என்ற புள்ளியியல் இதழைக் காட்டினார். பிடித்துப்போய் முழுத் தொகுதியையும் வாங்கிக் கப்பலிலேயே படித்துத் தீர்த்தார். இயற்பியல்காரர் புள்ளியியல் பக்கம் சாய்ந்தது அப்படித்தான். விடுமுறைக்கு வந்தவர் பிரசிடென்சி கல்லூரியிலேயே வாத்தியாராகத் தங்கிவிட்டார்.

அதிகாரி சொன்னால் போதுமா?

1926-ல் ஒடிசாவில் பெரிய வெள்ளம். ஆற்றுப்படுகை மேடேறிவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றது பொறியாளர்கள் குழு. மகாலனோபிஸ் சுமார் 60 வருட மழை, வெள்ள அளவுகளை எடுத்து உட்கார்ந்தார். படுகை மேடேறியதற்கான அடையாளமே தரவுகளில் இல்லை. மேற்பகுதியில் பெய்யும் மழைதான் காரணம், தண்ணீரை மேலேயே தேக்கும் வழியைப் பாருங்கள் என்பது அவர் முடிவு. பிற்பாடு மகாநதியில் ஹிராகுட் அணை வந்ததன் பின்னணியில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு.

இதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சொல்பவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் அளவு எங்கே, அதை யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று கேட்பது.

1931 டிசம்பர் 17 அன்று இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது. பெயர்தான் பெரிசு, இடம் பிரசிடென்சி கல்லூரியில் அவருடைய அறை. முதல் வருடச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1933-ல் சாங்க்யா என்ற ஆய்விதழைத் தொடங்கினார். 1936-ல் அவர் எழுதிய மகாலனோபிஸ் தூரம் என்ற அளவையை இன்றைக்கும் மெஷின் லேர்னிங் வேலையில் இருப்பவர்கள் தினசரி பயன்படுத்துகிறார்கள். கூட்டத்தோடு ஒட்டாத தரவைக் கண்டுபிடிக்க உதவும் அளவை அது.

சணல் வயலில் கிடைத்த பாடம்

பிரிட்டிஷ் காலத்தில் விளைச்சலை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? அணாவில். நல்ல விளைச்சல் என்றால் 16 அணா. கிராம அதிகாரி வயலைக் கண்ணால் பார்த்து, இந்த வருடம் 12 அணா, 10 அணா என்று எழுதி அனுப்புவார். மேலே போகப் போக அதுவே மாவட்டப் புள்ளிவிவரமாகும். பார்ப்பவரும் அவரே, எழுதுபவரும் அவரே. தப்பாக எழுதினால் கண்டுபிடிக்க வழி கிடையாது.

வங்காளத்தின் பெரிய பணப்பயிர் சணல். எத்தனை ஏக்கரில் பயிரிட்டிருக்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் சந்தை விலையைக் கணிக்க முடியும். 1937-ல் இந்திய மத்தியச் சணல் கமிட்டியின் ஆதரவில் மகாலனோபிஸ் வேலையில் இறங்கினார். முதலில் சிறிய அளவில் முன்னோட்ட ஆய்வு. பிறகு வருடா வருடம் பரப்பைக் கூட்டி, 1941-ல் மாகாணம் முழுக்க. கிராம வரைபடத்தில் குலுக்கல் முறையில் புள்ளிகளை விழவிட்டு, புள்ளி விழுந்த துண்டு நிலத்தில் மட்டும் போய்ப் பார்ப்பது. துண்டு எவ்வளவு பெரிசாக இருக்கலாம், ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை பார்க்க முடியும், நடக்க எவ்வளவு நேரம், பிழை எவ்வளவு குறையும் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டார். செலவையும் பிழையையும் ஒரே தராசில் வைத்தது அப்போது புதுசு.

எல்லா வயலையும் ஒன்றுவிடாமல் எண்ணும் அரசுக் கணக்கெடுப்பும் கூடவே நடந்தது. செலவில் மாதிரி ஆய்வு அதன் ஒரு சிறு பங்குதான். எல்லாவற்றையும் எண்ணியது துல்லியமாக இருந்திருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? இல்லை. ஆயிரக்கணக்கான தற்காலிக ஆட்களைக் கொண்டு அவசரத்தில் எண்ணினால் பிழையும் ஆயிரக்கணக்கில் வரும். வியாபாரத்துக்கு வந்த சணலோடு ஒப்பிட்டால் மாதிரி ஆய்வின் மதிப்பீடுதான் நெருக்கமாக இருந்தது.

ஆனால் மகாலனோபிஸ் அதோடு நிம்மதியடையவில்லை. மழைக்காலம், சேறு, தோணிப் பயணம். கணக்கெடுக்கும் ஆள் வயலுக்குப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்தே எழுதிவிட்டால்? மாதிரியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால் வரும் பிழையைச் சூத்திரம் சொல்லிவிடும். ஆள் செய்யும் பிழையை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கதையின் மையம். ஒரே பகுதிக்கு ஒன்றுக்குள் ஒன்று கலந்த இரண்டு தனி மாதிரிகளை எடு. இரண்டு வெவ்வேறு குழுக்களிடம் கொடு. ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியக் கூடாது. கடைசியில் இரண்டு மதிப்பீடுகளையும் பக்கத்தில் வை. தற்செயலாக வரக்கூடிய அளவுக்குத்தான் வித்தியாசம் என்றால் சரி. அதைத் தாண்டினால் கோளாறு வயலில் இல்லை, அளந்தவரிடம் இருக்கிறது. இதை ஊடுருவும் மாதிரிகள் என்று சொல்லலாம். யார் மேலும் முன்கூட்டியே சந்தேகப்படத் தேவையில்லை. அமைப்பே தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்.

1943 பஞ்சத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களின் நிலையை அறியவும் அவர் நிறுவனம் மாதிரி ஆய்வு நடத்தியது. விளைச்சல் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று நம்பத்தக்க கணக்கே கையில் இல்லாத ஒரு மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்துப்போயிருந்தார்கள்.

சரி, அந்த 22 எங்கிருந்து வந்தது?

மில்லுக்குத் திரும்புவோம். 5,000 மூட்டையில் 10 சதவீதம், அதாவது 500 மூட்டை எடை குறைவு அல்லது கலப்படம் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் ஒரு மூட்டை எடுத்தால் அது நல்ல மூட்டையாக இருக்க வாய்ப்பு 90 சதவீதம். இரண்டும் நல்லதாக இருக்க 81 சதவீதம். இப்படியே 0.9-ஐ 22 தடவை பெருக்கினால் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வரும். அதாவது 22 மூட்டை எடுத்தால் குறையுள்ள மூட்டை ஒன்றாவது சிக்க 90 சதவீத வாய்ப்பு. 44 எடுத்தால் 99 சதவீதம்.

கவனிக்க வேண்டியது, அட்டியில் 5,000 இருந்தாலும் 50,000 இருந்தாலும் இந்த 22 கிட்டத்தட்ட மாறாது. ஒரு சொட்டுக் குழம்பை நாக்கில் விட்டு உப்புப் பார்ப்பதற்குச் சட்டியின் அளவு முக்கியமில்லை, நன்றாகக் கலக்கியிருக்க வேண்டும். அந்தக் கலக்கலைத்தான் குலுக்கல் முறை செய்கிறது. வசதியான முன்வரிசையில் 22 எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது. 200 எடுத்தாலும் செல்லாது.

அட்டியின் நடுவிலிருந்து மூட்டையை எப்படி உருவுவது என்று கேட்கலாம். லாரியில் ஏற்றும்போதோ இறக்கும்போதோ பிடிப்பதுதான் சுலபம். 5,000-ஐ 22-ஆல் வகுத்தால் 227. 1-லிருந்து 227-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும். 61 வந்தால் 61-வது மூட்டை, பிறகு 288, 515 என்று ஒவ்வொரு 227-வது மூட்டையும் தராசுக்கும் குத்தூசிக்கும் போகும். தொடக்க எண் மில்லுக்கு முன்கூட்டியே தெரியாமல் இருந்தால் போதும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பதிவேட்டில் இருப்பது தரையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். தரையில் இருப்பது பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறைவைக் கண்டுபிடிக்க முதலாவது. கணக்கில் வராத சரக்கைக் கண்டுபிடிக்க இரண்டாவது.

இதற்கும் எல்லை இருக்கிறது. 100-க்கு 1 மூட்டைதான் கோளாறு என்றால் 90 சதவீத வாய்ப்போடு பிடிக்க 230 மூட்டை எடுக்க வேண்டும். 22-ல் எதுவும் சிக்கவில்லை என்பதற்கு எல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை. கோளாறு பெரிய அளவில் இருக்க வாய்ப்புக் குறைவு என்றுதான் அர்த்தம். விலை அதிகமான, காணாமல் போனால் ஆபத்தான பொருள்களுக்குச் சாம்பிள் சரிவராது, ஒவ்வொன்றையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

மில்லே தன் கையிருப்பைச் சோதித்து அறிக்கை தருகிறது என்றால், மகாலனோபிஸ் பாணியில் செய்ய வேண்டியது சுலபம். மில் ஆட்கள் ஒரு 22 எடுக்கட்டும். கழகத்தின் ஆள் அதே அட்டியில் தனியாக வேறு 22 எடுக்கட்டும். அங்கே பூஜ்ஜியம், இங்கே 5 என்று வந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது நெல்லை அல்ல.

அமெரிக்காவில் அரசுப் பொருளை வைத்திருக்கும் ஒப்பந்ததாரர்கள் தங்கள் பராமரிப்பைத் தாங்களே அவ்வப்போது மதிப்பிட வேண்டும் என்று கொள்முதல் விதியிலேயே இருக்கிறது. அங்கேயும் எல்லாவற்றையும் எண்ணுவதில்லை, சாம்பிள்தான். தரக்கட்டுப்பாட்டுக்குப் பேர்போன டெமிங், ஒரே ஆய்வை இரண்டு மூன்று தனி மாதிரிகளாகப் பிரிக்கும் யோசனை மகாலனோபிஸிடமிருந்து வந்தது என்று தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் துறையின் முன்னோடி ஷூஹார்ட், மகாலனோபிஸ் அழைத்து 1947-48-ல் இந்தியாவுக்கு வந்தார். அதன் பிறகு புள்ளியியல் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் பல ஊர்களில் வந்தன. நம்ம கோயம்புத்தூரிலும் ஒன்று உண்டு.

அவர் தோற்ற சண்டை

மகாலனோபிஸ் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. 1940-களில் விளைச்சலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் அவருக்கும் பி.வி. சுகாத்மேவுக்கும் பெரிய தகராறு. மகாலனோபிஸ் சின்னச் சின்ன வட்டங்களாக அறுத்தால் போதும், தனியாகப் பயிற்சி பெற்ற ஆட்கள் ஊர் ஊராகப் போகட்டும் என்றார். சுகாத்மே பெரிய துண்டாக அறுக்க வேண்டும், ஊரில் ஏற்கெனவே இருக்கும் வருவாய்த் துறை ஆட்களையே பயன்படுத்தலாம் என்றார்.

துண்டின் அளவு விஷயத்தில் சுகாத்மே பக்கம்தான் நியாயம். சின்ன வட்டத்தில் ஓரத்துச் செடி உள்ளேயா வெளியேயா என்ற குழப்பம் அதிகம். அளப்பவர் பெரும்பாலும் உள்ளே சேர்த்துவிடுவார். விளைச்சல் கூடுதலாகத் தெரியும். இன்றைக்கு நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று கட்டம் போட்டு அறுப்பது சுகாத்மே பாதை. பயிர்க் காப்பீட்டு இழப்பீடு கிடைக்குமா என்பதும் அந்தக் கட்டத்தில் வரும் எடையைப் பொறுத்ததுதான்.

யார் அளப்பது என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. அதே ஊரில் பொறுப்பில் இருப்பவர் அளந்தால் செலவு குறைவு, ஊரும் தெரியும்; ஆனால் நெருக்கடியும் அவர் மேல்தான். இங்கே மகாலனோபிஸ் பயந்தது வீணில்லை.

மலைக்குப் போகாத சாம்பிள்

1949-ல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். தேசிய வருமானக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். நாட்டில் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதற்குத் தரவே இல்லை என்று தெரிந்ததும் 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு பிறந்தது. முதல் சுற்றுக்கு நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்தது 1,833 கிராமங்களை.

இங்கேதான் கல்வராயன் மலை போன்ற இடங்கள் கதைக்குள் வருகின்றன. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. வெள்ளிமலை, கரியாலூர் வரை பஸ் போகும். அதைத் தாண்டிய சிற்றூர்களுக்கு நடைதான் வழி என்ற நிலை ரொம்ப காலம். குலுக்கலில் அப்படி ஒரு ஊர் விழுந்தால், அதை விட்டுவிட்டு ரோட்டோரத்து ஊரை எழுதிக்கொள்ள ஆசை வரும். நாகாலாந்தில் பஸ் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களைத் தேசிய மாதிரி ஆய்வே பல வருடம் வெளிப்படையாக விட்டுவைத்தது. தமிழ்நாட்டு மலைகளுக்கு அந்த விலக்கு கிடையாது. கணக்கெடுப்பவர் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறாமல் எழுதினால், சாமையும் மரவள்ளியும் போடும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் செலவு, கீழே கோமுகி பாசனத்தில் நெல் போடுபவரின் செலவாகப் பதிவாகிவிடும். சராசரி அழகாகத்தான் இருக்கும்.

அவருடைய இரட்டை மாதிரி யோசனை இந்த ஆய்வில் இன்னொரு வடிவத்தில் உயிரோடு இருக்கிறது. மத்திய அரசின் ஆட்கள் ஒரு மாதிரியை எடுக்கிறார்கள். அதே கேள்விகளோடு மாநிலத்தின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை தனியாக இன்னொன்றை எடுக்கிறது.

கடைசி வருடங்கள்

1955 வாக்கில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான மாதிரியை எழுதினார். கனரகத் தொழில்களுக்கு முன்னுரிமை தந்த அந்தத் திட்டம் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை. 1959-ல் நாடாளுமன்றச் சட்டம் அவர் நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது. 1968-ல் பத்ம விபூஷண்.

நிறுவனத்தைத் தன் பிடியிலேயே வைத்திருந்தார் என்ற குறை அவர் மேல் உண்டு. ஆய்வை வடிவமைப்பதும் தரவை அலசுவதும் அரசுத் துறைக்கு வெளியே, புள்ளியியல் நிறுவனத்தில் நடக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அரசின் செயலை அளக்கும் கணக்கை அரசே எழுதக் கூடாது என்பது அதன் பொருள். 1970 வாக்கில் அது கைநழுவியது. தேசிய மாதிரி ஆய்வு முழுவதும் அரசின் கீழ் ஒரே அமைப்பாக மாறியது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வைத் தரவின் தரம் சரியில்லை என்று காரணம் சொல்லி மத்திய அரசு வெளியிடாமல் வைத்தபோது, அந்தப் பழைய பிடிவாதம் பலருக்கு ஞாபகம் வந்தது.

அவருடைய பிறந்த நாளான ஜூன் 29 இப்போது தேசியப் புள்ளியியல் தினம், 2007-லிருந்து கொண்டாடுகிறார்கள். அவர் இறந்தது 1972 ஜூன் 28. இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் 79 முடிந்திருக்கும்.